இருபத்து மூன்றாம் எலியின் பழுப்பு முடி

திரிங்காப் ஊரைத் தாண்டி மலைமேல் ஏறும் மண்பாதையில், பழைய தேயிலை ஆலையை இடித்த இடத்தில், மேட்டுநில ஈரல் மறுவளர்ச்சி ஆய்வு நிலையம் வந்து உட்கார்ந்தது. கட்டடம் எழும்ப ஒரு வருடம். வாசல் பலகையில் எந்த அதிகாரியின் பெயர் முதலில் வருவது என்று கூடிக் கூடிப் பேச இன்னொரு வருடம். அதற்குள் மழையில் பலகையே இற்றுப்போனது. புதிதாக ஒன்றைச் செய்து, யார் பெயரும் இல்லாமல் மாட்டினார்கள். அப்பேர்ப்பட்ட இடத்தில்தான் கருப்பையாவுக்கு எலி பார்க்கும் வேலை கிடைத்தது.

அதற்கு முன்னால் இருபது வருடம் அவர் தோட்டத்தில் களைக்கு மருந்தடித்தவர். மனைவி உமாதேவியும் அதே கும்பலில் பதினொரு வருடம், மூக்கில் சேலைத் துண்டைக் கட்டிக்கொண்டு முதுகில் மருந்து டப்பாவைச் சுமந்தவள். போன வருடம் அவளுக்குக் கால் வீங்கியது, கண் மஞ்சளானது, சோற்றைக் கண்டாலே குமட்டியது. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஈரல் முழுக்கத் தழும்பு விழுந்து இறுகிவிட்டது, மாதம் தவறாமல் வர வேண்டும் என்றார்கள். மாதம் தவறாமல் மலை இறங்கி ஏறுவது யாரால் முடிகிறது? நாலு மாதம் போனாள், ஐந்தாம் மாதம் நின்றுவிட்டாள். ஈரலுக்கென்றே ஒரு நிலையம் வீட்டுக்கு எதிரிலேயே வந்திருக்கிறது என்றதும் கருப்பையாவுக்குத் தெய்வமே இறங்கி வந்த மாதிரி இருந்தது. பாவம், தெய்வம் எது, பலகை எது என்று அவருக்கு அப்போது தெரியாது.

இயக்குநர் டாக்டர் சசிதரன் முதல் நாளே பாடம் நடத்தினார்.

"ஈரல் ஒரு அதிசயம், கருப்பையா. எலியோட ஈரல்ல மூணுல ரெண்டு பங்க வெட்டி எடுத்தாலும் பத்தே நாள்ல மறுபடி வளந்துரும்."

"கவ்வாத்து மாதிரிங்களா, துரை?" என்று கேட்டார் கருப்பையா. தேயிலைச் செடியை இடுப்பளவுக்கு வெட்டிவிட்டுத் துளிர்க்க விடுவதுதான் கவ்வாத்து.

"அதேதான். ஆனா தழும்பு விழுந்துட்டா வளராது. அந்தத் தழும்பக் கரைக்கத்தான் நம்ம பச்சைச்சாறு. முழுக்க முழுக்க தேயிலை, கூட நாலஞ்சு சாமான். அது ரகசியம்."

மொத்தம் முப்பது எலி, எல்லாம் பஞ்சு மாதிரி வெள்ளை. ஒவ்வொன்றின் காதிலும் எண் போட்ட தகடு. முதல் பத்துக்கு ஒன்றும் செய்வதில்லை. அடுத்த பத்துக்கு எட்டு வாரம் ஊசி போட்டு ஈரலைத் தழும்பாக்கி, அப்படியே விட்டுவிடுவது. கடைசிப் பத்துக்கும் அதே ஊசி, அதற்கு மேல் நாற்பத்திரண்டு நாள் பச்சைச்சாறு. சாற்றை எலிகள் துப்பின. மருந்தடிக்கிறவர்களுக்கு வாயில் பட்டதைத் துப்புகிற சங்கதியெல்லாம் அத்துப்படி. அதனால் கருப்பையா ஒவ்வொரு எலியின் வாயையும் திறந்து, நாக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் கூண்டில் விட்டார். டாக்டர் சசிதரன் மகிழ்ந்துபோய், இதை 'நாக்குத் தூக்கும் முறை' என்று அறிக்கையில் எழுதிக்கொண்டார்.

தலைநகரிலிருந்து எலி நலக் குழு என்று மூன்று பேர் வந்தார்கள். எலிக்கு ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறதா, சலிப்புத் தட்டாமல் இருக்கக் கட்டை இருக்கிறதா, அறையில் இருபத்திரண்டு டிகிரி சூடு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். ஊசி போடுகிறவர் முகத்தைச் சுளித்தால் எலியின் மனம் புண்படும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஊசியில் என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்கவில்லை. அது வேறு குழுவின் வேலையாம்.

சாயங்காலம் கருப்பையா இதைச் சொன்னபோது உமாதேவி போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தகரக் கூரையைப் பார்த்தாள். மூன்று இடத்தில் ஒழுகியது.

"என்னாங்க, அங்க ஒரு எலியா என்னையச் சேத்துவிட முடியாதா?" என்றாள்.

இருவரும் சிரித்தார்கள். 

பச்சைச்சாறு கொடுக்க ஆரம்பித்த பதினோராம் நாள், இருபத்து மூன்றாம் எலி செத்துக் கிடந்தது. வேடிக்கை என்னவென்றால், ஈரலைக் கெடுத்து மருந்தே கொடுக்காமல் விட்ட பத்தும் பக்கத்துக் கூண்டுகளில் நொறுக் நொறுக்கென்று தின்றுகொண்டிருந்தன. கருப்பையா கணக்கெழுதும் கிராணி ரெங்கசாமியிடம் ஓடினார். தோட்ட ஆபீசில் முப்பது வருடம் பெயர் கூப்பிட்டவர் ரெங்கசாமி. தோட்டம் நிலையத்துக்குக் குத்தகைக்குப் போனபோது, தொழிலாளர்களின் லயத்து வரிசை வீடுகள், மேசை நாற்காலிகளோடு அவரும் இங்கே வந்துவிட்டார்.

"செத்துப்போச்சா? யாரு சாகச் சொன்னது?" என்றார் ரெங்கசாமி, தலையை நிமிர்த்தாமல். "நாளைக்கு மேலிடத்துல இருந்து எண்ண வராங்க லா. முப்பது இருந்தே ஆகணும்."

"இருவத்தொம்பதுதான் இருக்கு, கிராணி ஐயா."

"எத்தன வருசமா பெரட்டுக்கு நின்ன? ஆள் கொறைஞ்சா என்னா செய்வோம்? அதச் செய்."

விடிகாலையில் தோட்டத்து ஆட்களை வரிசையாக நிற்க வைத்துப் பெயர் கூப்பிடுவதுதான் பெரட்டு. எவனாவது காய்ச்சலில் படுத்துவிட்டால், பக்கத்தில் நிற்கிறவன் அவன் பெயருக்கும் "இருக்கேன்" என்று குரல் கொடுப்பான். கிராணி நிமிர்ந்து பார்க்க மாட்டார், குறியைப் போட்டுவிடுவார். படுத்தவனுக்கு அன்றைய கூலி நிற்கும். நாளைக்கு இவன் படுத்தால் அவன் குரல் கொடுப்பான். தலைமுறை தலைமுறையாக நடக்கிற வழக்கம். அதைத் தப்பு என்று லயத்தில் யாரும் சொன்னதில்லை.

கருப்பையா உரக் கொட்டகையில் பொறி வைத்தார். விடிவதற்குள் கொழுகொழுவென்று ஒரு காட்டெலி விழுந்தது. வெல்லப்பாகு நிறம், கையைக் கடித்தது. செத்த எலியின் காதுத் தகட்டைக் கழற்றி அதன் காதில் மாட்டினார். வெள்ளையைச் செய்தித்தாளில் சுற்றி, கவ்வாத்து வெட்டிய செடி ஒன்றின் கீழே புதைத்தார்.

மேலிடத்து அதிகாரி வந்தார். கூண்டு கூண்டாகக் குனிந்தார். இருபத்து மூன்றாம் கூண்டில் கொஞ்ச நேரம் நின்றார்.  முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், பழுப்பு எலியை வெள்ளை எலிகளுக்கு நடுவில் மறைக்க முடியுமா? அதிகாரி காதுத் தகட்டைப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார், குறி போட்டார். எண் சரியாக இருந்தது, அவர் எண்ணைத்தான் பார்க்க வந்திருந்தார்.

அதற்கப்புறம் இருபத்தெட்டு செத்தது. பிறகு இருபத்தொன்று, முப்பது, இருபத்தாறு, இருபத்திரண்டு. ஒவ்வொரு சாவுக்கும் ஒரு பொறி, ஒரு தகடு, ஒரு செடி. எண்ணிக்கை ஒரு நாளும் குறையவில்லை. டாக்டர் சசிதரன் கருப்பையாவின் தோளைத் தட்டி, எலிகளைச் சாகவிடாத கைராசிக்காரர் என்று எல்லோர் முன்னிலையிலும் பாராட்டினார். கருப்பையா ராத்திரியில் தூங்கவில்லை. கவ்வாத்து வெட்டிய மற்ற செடிகள் எல்லாம் துளிர் விட்டன. அந்த ஆறு செடிகளும் குச்சி குச்சியாகவே நின்றன.

நாற்பத்திரண்டாம் நாள் எலிகளை அறுத்துப் பார்த்தார்கள். டாக்டர் சசிதரன் உருப்பெருக்கியை விட்டு எழுந்து வராந்தா முழுக்க ஓடினார். கடைசிப் பத்தில் ஆறு எலிகளுக்கு ஈரலில் ஒரு கீறல் தழும்பு இல்லை, பிறந்த குழந்தையின் ஈரல் மாதிரி இருக்கிறது என்றார். இருக்காதா பின்னே, அந்த ஈரல்களை யாரும் கெடுக்கவே இல்லையே!

முடிவை அறிவிக்கப் பிரிஞ்சாங்கில் ஒரு ஹோட்டலில் கூட்டம் போட்டார்கள். கருப்பையாவுக்கும் கழுத்துப்பட்டி கட்டிவிட்டுப் பின்வரிசையில் உட்கார வைத்தார்கள்.

"அறுபது விழுக்காடு வெற்றி!" என்றார் டாக்டர் சசிதரன். "ஈரல் மட்டுமா? பாருங்கள், முடிக்கே இளமை திரும்பியிருக்கிறது. வெள்ளை முடி பழுப்பாகிவிட்டது. எடை கூடியிருக்கிறது. கடிக்கும் வலிமை மூன்று மடங்காகியிருக்கிறது. நிறம் மாறாத நான்கு எலிகள் மருந்தோடு ஒத்துழைக்கவில்லை. அவற்றின் மேல் நமக்கு வருத்தம் எதுவும் இல்லை."

கைதட்டல் ஓய நேரமானது. நரைத்த தலைக்காரர்கள் மட்டும் எழுந்து நின்று தட்டினார்கள்.

அடுத்த வாரம் தோட்டத்துப் பூப்பந்து மண்டபத்துக்கு லயத்து ஜனங்களை எல்லாம் வரச் சொன்னார்கள். மைக்கைப் பிடித்தார் டாக்டர் சசிதரன்.

"எலிகளுக்கு ஈரலைத் தழும்பாக்க எங்களுக்கு எட்டு வாரம் பிடித்தது, ஏகப்பட்ட செலவு. இங்கே அந்த வேலையை நீங்களே முடித்து வைத்திருக்கிறீர்கள்! இருபது வருடம், பதினைந்து வருடம் மருந்தடித்த ஈரல்கள். உலகத்தில் எந்த ஆய்வு நிலையத்துக்கும் இந்த வசதி இல்லை. அறிவியல் உங்களுக்கு நன்றி சொல்கிறது. கட்டாயம் என்று எதுவும் இல்லை. விருப்பம் உள்ளவர்கள் வரலாம். வருகிறவர்கள் இன்னும் இரண்டு வருடம் வீட்டில் இருக்கலாம். விருப்பம் இல்லாதவர்கள் மாதக் கடைசிக்குள் சாவியைக் கிராணியிடம் கொடுத்துவிட்டுத் தாராளமாகப் போகலாம். முழுச் சுதந்திரம்."

ரெங்கசாமி முப்பது பெயர் வாசித்தார். இருபத்து மூன்றாவது, உமாதேவி.

அவள் கருப்பையாவின் கையைப் பிடித்து அழுத்தினாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு வெளிச்சம். "கேட்டீங்களா? எம்பேரு வந்துருச்சுங்க," என்றாள். 

மறுநாள் காலையில் அவர் இயக்குநர் அறைக்குள் நுழைந்து, நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். பதினோராம் நாள் சாவு, பொறி, தகடு, ஆறு செடி, எதையும் விடவில்லை. டாக்டர் சசிதரன் காப்பியைக் கலக்கிக்கொண்டே முழுதும் கேட்டார்.

"கருப்பையா, உங்க பதவி என்ன?"

"எலி பாக்குறதுங்க, துரை."

"விலங்குப் பராமரிப்பு உதவியாளர், மூணாம் கிரேடு. இந்த ஆய்வோட முடிவப் பத்திப் பேச முதல் கிரேடுக்குத்தான் அதிகாரம். நீங்க இப்பப் பேசுனது சட்டப்படி பேசாத மாதிரி."

"துரை, அந்தச் சாறு ஆளக் கொல்லுதுங்க. ஊசி மட்டும் போட்ட பத்தும் உசிரோட இருந்துச்சே! என் சம்சாரம் பேரு பட்டியல்ல இருக்குங்க."

"அதுக்கு ஃபாரம் இருக்கு. பாதகச் சம்பவப் படிவம். ஆனா அதுல செத்த எலியோட எண்ண எழுதணும். நம்ம பதிவுல எந்த எலியும் சாகலையே! தினமும் எண்ணி நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"நான் பொய்யாப் போட்டேங்க."

"உண்மைன்னு ஒண்ணு இருக்கு, முடிவுன்னு ஒண்ணு இருக்கு. முடிவு வந்தாச்சு. பத்து நாட்டுக்காரன் பாத்துட்டான். இனிமே உண்மை வந்தா எங்க உக்கார வைக்கிறது?" டாக்டர் சசிதரன் கனிவாகத்தான் சொன்னார். "போய் உமாதேவிக்கு நல்லா தைரியம் சொல்லுங்க. பயந்தா ஈரலுக்கு ஆகாது."

அன்றைக்குச் சாயங்காலம் உமாதேவியிடம் சொல்ல வேண்டியதாயிற்று. அவள் முதலில் நம்பவில்லை. பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். காட்டெலிக்குக் கழுத்துப்பட்டி கட்டிக் கூட்டத்தில் உட்கார வைத்திருக்கலாமே என்றாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"அப்ப என் ஈரலுங்க?"

கருப்பையா கூரை ஒழுகுகிற இடத்துக்குச் சட்டியை நகர்த்தினார்.

"நேத்து ராத்திரி முழுக்க நான் சாமிக்குப் படைக்கிறதுக்கு என்னென்ன செய்யணும்னு எண்ணிக்கிட்டுக் கெடந்தேன். நீங்க எலிக்கு ஆள் மாத்திவிட்டு வந்து பக்கத்துல படுத்துக் கெடந்தீங்களா? ஒரு வார்த்த சொல்லக் கூடாது?" என்று அவள் கையில் கிடைத்த டம்ளரை வீசினாள். டம்ளர் அவர் மேல் படவில்லை. அவளுக்கு வீசுகிற பலம் இல்லை. அதைப் பார்த்துத்தான் கருப்பையா அழுதார்.

"நான் பாவிதான் புள்ள. பெரட்டுல செய்யுறதத்தானே செஞ்சேன். எலிக்குப் பின்னால மனுசன் நிப்பான்னு தெரியலயே."

அவள் உருண்டு கிடந்த டம்ளரை எடுத்து நிமிர்த்தி வைத்தாள். "சாவியக் குடுத்துட்டுப் போயிரலாம்."

"எங்க போறது? எலி வளையானாலும் தனி வளை வேணும். நீ கோலா தெர்லாவுல உங்க அண்ணன் லோரியில ஏறு. வெள்ளிக்கிழம காய்கறி ஈப்போவுக்கு எறங்குது. நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. விட்டுப்போன மாசத்துக்கெல்லாம் திட்டுவாங்க, வாங்கிக்க. அங்கயே இரு."

"இங்க எம்பேரக் கூப்பிடுவாங்களே?"

"நான் இருக்கேன்ல."

புரிந்துகொள்ள அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். "நீங்க செத்தா எனக்கு இந்த ஒழுகுற வீடு எதுக்குங்க?"

"குடிச்சாத்தானே சாவேன்? இருவது வருசம் வாயில மருந்து பட்டுத் துப்புனவன் நான். வாயில வச்சிருந்து வெளிய வந்து துப்பிருவேன் லா."

அவர் அடித்துச் சொன்னதால் அவள் நம்பினாள். சொல்லும்போது அவரும் நம்பினார்.

வெள்ளிக்கிழமை காலை. எலிகள் இருந்த அதே அறை. கூண்டுகளை எடுத்துவிட்டு முப்பது நாற்காலி போட்டிருந்தார்கள். வெப்பமானி இருபத்திரண்டு டிகிரி காட்டியது. எலி நலக் குழு விட்டுப்போன கட்டைகள் மூலையில் கிடந்தன. மேலிடத்து அதிகாரி பட்டியலோடு நின்றார். ரெங்கசாமி பெயர் கூப்பிடத் தொடங்கினார், வழக்கம்போலத் தலையை நிமிர்த்தாமல்.

"இருவத்து மூணு. உமாதேவி."

"இருக்கேன்," என்றார் கருப்பையா.

முப்பது வருடத்தில் முதல் முறையாக ரெங்கசாமி தலை நிமிர்ந்தது. கருப்பையாவையே பார்த்தார்.  பிறகு தலையைக் குனிந்து குறியைப் போட்டார்.

மேலிடத்து அதிகாரி அருகில் வந்தார். படிவத்தில் பெண், வயது நாற்பத்தேழு என்று இருந்தது. அவர் கருப்பையாவின் மீசையைப் பார்த்தார். எலி அறிக்கையை எடுத்து முடியைப் பற்றிய பக்கத்தைப் புரட்டினார். டாக்டர் சசிதரனின் காதில் ஏதோ சொன்னார். டாக்டர் சசிதரன் கருப்பையாவின் முகத்தை ஏற இறங்கப் பார்த்தார். தினமும் பார்த்த முகம்தான்.

"எண் சரியா இருக்கா?" என்று கேட்டார்.

"சரியா இருக்கு, டாக்டர்."

"அப்ப எழுதிக்கங்க. முதல் நாளே முடி வளர்ச்சி. வரவேற்கத்தக்க அறிகுறி."

கையில் இருபத்து மூன்று என்று பட்டை கட்டினார்கள். பிளாஸ்டிக் குவளையில் பச்சைச்சாறு வந்தது. மருந்து டப்பாவை ஆற்றில் கழுவும்போது கிளம்புகிற வாடை அதில் அடித்தது. கருப்பையா வாயில் ஊற்றிக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, கதவுப் பக்கம் இரண்டு அடி வைத்தார்.

"நில்லுங்க," என்றார் டாக்டர் சசிதரன் சிரித்துக்கொண்டே. "நீங்க கண்டுபிடிச்ச முறைதானே, மறந்துட்டீங்களா? வாயத் திறந்து நாக்கத் தூக்குங்க."

அறையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கருப்பையா விழுங்கினார். வாயைத் திறந்தார். நாக்கைத் தூக்கிக் காட்டினார். அதிகாரி குறி போட்டுக்கொண்டார்.

கண்ணாடிக்கு வெளியே, கீழே ரோட்டில், முட்டைக்கோசு ஏற்றிய லோரி ஒன்று வளைவில் திரும்பியது. உமாதேவி ஏறிய லோரிதானா என்று தெரியவில்லை. அதுதான் என்று கருப்பையா வைத்துக்கொண்டார்.

ரெங்கசாமி அவரை நாற்காலியில் உட்கார வைக்கிற சாக்கில் குனிந்தார். தோட்டத்தில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் அவர் பேசுகிற அதே தணிந்த குரல்.

"நாப்பத்திரண்டு நாள் பேர் கூப்பிடணும், கருப்பையா. பதினோராம் நாள் வரைக்கும் நீ சொல்லிரு. அதுக்கப்புறம் நான் ஆள் பாத்துக்கறேன்."

சொல்லிவிட்டு நிமிர்ந்து, இருபத்து நான்காம் பெயரைக் கூப்பிட்டார்.